நம் ஒளிப்படங்களை எங்கே வைப்பது? பகிர்வுத் தளங்கள் - ஓர் ஒப்பீடு

(தமிழ்ப் பள்ளிப் பெற்றோரும் தன்னார்வத் தொண்டர்களும் கூடிய சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினித் துறையில் வேலை செய்பவன் என்று தெரிந்துவிட்டால், கலியாண வீட்டிலும் சரி, செத்த வீட்டிலும் சரி, ஒரு கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். "தம்பி, படங்களை எந்தத் தளத்தில் போட்டு வைப்பது நல்லது?" என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர் ஒரே சொல்லில் விடையை எதிர்பார்ப்பார். அப்படிச் சொல்ல இயலாமைக்குக் காரணம் உண்டு. "போட்டு வைப்பது" என்பதற்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஊராருக்குக் காட்டுவது ஒரு வேலை. உறவினர் கையில் படத்தைக் கொடுப்பது இன்னொரு வேலை. நம் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் பேணி வைப்பது வேறொரு வேலை. முகநூலும் இன்ஸ்டகிராமும் காட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. வாட்ஸ்அப் கொடுப்பதற்கு. குடும்பப் படங்களைத் தலைமுறைகளுக்குப் பேணுவதையே தன் கடமையாகக் கொண்ட இலவசத் தளம் எதையும் நான் இன்றுவரை கண்டதில்லை. ஆயினும் நம்மவருள் பலர், காட்டியும் கொடுத்தும் முடித்தவுடன் பேணுவதும் தானாகவே நடந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். இன்றைய பேச்சு இந்த எண்ணத்தைப் பற்றியதே.

இடப்பெயர்வுகளின்போது வீட்டோடு படத்தொகுப்பையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். பாட்டனாரின் முகத்தைப் பழைய அடையாள அட்டையில் உள்ள சிறு படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகள் நம் வீடுகளில் வளர்கிறார்கள். ஆகவே படம் என்பது நமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. முதல் முறை பறிபோனதற்கு நாம் பொறுப்பல்லர். இரண்டாம் முறை, ஒரு நிறுவனத்தின் விதிமுறை மாறியதால் போனது என்று சொல்ல வேண்டி வந்தால் அதைப் பிள்ளைகளிடம் எப்படி விளக்குவது?

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டா. கடந்த இருபது ஆண்டுகளின் வரலாற்றைப் பாருங்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் யாகூ மின்னஞ்சல் வைத்திருந்த நாம் எல்லோரும் யாகூ போட்டோஸ் தளத்தில் படம் ஏற்றினோம். 2007இல் யாகூ அதை மூடியது. வேறு தளங்களுக்கு மாறிக்கொள்ளலாம் என்று சில பெயர்களைத் தந்தது. அவற்றுள் கோடாக் கேலரியும் ஒன்று. கோடாக் என்ற பெயரைவிட நம்பத்தக்க பெயர் படத்துறையில் வேறு ஏது என்று பலர் அங்கே சென்றனர். 2012 சனவரியில் கோடாக் நிறுவனமே நொடிப்பு நிலைக்கு விண்ணப்பித்தது. அதே ஆண்டு சூலையில் அந்தத் தளம் மூடப்பட்டு, படங்கள் ஷட்டர்ஃபிளை நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. ஐந்தே ஆண்டுகளுக்குள் ஒரு குடும்பத்தின் படங்கள் மூன்று வீடு மாறின. அறிவிப்பு மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டவரின் படங்கள் வழியிலேயே நின்றுபோயின.

ஆர்குட் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டு நண்பர்கள் அனைவரும் ஒருகாலத்தில் அங்கேதான் இருந்தார்கள். 2014 செப்டெம்பர் இறுதியில் மூடப்பட்டது. பிக்காசா 2016இல் கைவிடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மறைந்தது. மைஸ்பேஸ் இவற்றையெல்லாம் விஞ்சியது: வழங்கிகளை இடம் மாற்றியபோது 2016க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் காணொளிகளும் அழிந்துவிட்டன என்ற செய்தி 2019இல் வெளிவந்தது. தளம் திறந்தே இருந்தது. உள்ளே இருந்தவைதாம் இல்லை.

ஃபோட்டோபக்கெட் செய்தது வேறு வகை. அங்கே படத்தை ஏற்றி, அதன் முகவரியை வேறு தளங்களில் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. நம் ஊர்ச் சங்கங்களின் பழைய இணையப் பக்கங்கள் பலவும் அப்படித்தான் ஓடின. 2017இல், இவ்வாறு வேறு தளங்களில் படம் தோன்ற வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டொலர் கட்ட வேண்டும் என்று அந்நிறுவனம் திடீரென விதித்தது. ஒரே வாரத்தில் உலகெங்கும் எண்ணற்ற பக்கங்களில் படம் இருந்த இடத்தில் நிறுவனத்தின் எச்சரிக்கைப் பலகை முளைத்தது. பின்னர் கட்டணத்தைக் குறைத்தார்கள். அதற்குள் பலர் வெறுத்துப் போய்விட்டனர்.

இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்றைய தளங்களை ஒப்பிட வேண்டும். எத்தனை கிகாபைட் இலவசம் என்று கேட்பதற்கு முன்னால், வெளியேற வழி எப்படி என்று கேளுங்கள். வாடகை வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் கேட்பவர் இல்லை; முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேட்போம் அல்லவா?

முதலில் ஃபிளிக்கர். எனக்குத் தனிப்பட்ட பற்று உள்ள தளம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2004இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் இணைய விளையாட்டை உருவாக்க முயன்ற சிறு குழுவினர், அந்த முயற்சியின் பக்கவிளைவாகப் பெற்ற பிள்ளை இது. 2005இல் யாகூ வாங்கியது. படத்துக்குத் தலைப்பு, விளக்கம், குறிச்சொல், உரிமம் ஆகியவற்றை ஒழுங்காக எழுத இடம் தந்த தளங்களில் இன்றும் இதற்கு இணை அரிது. 2008 சனவரியில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்துடன் சேர்ந்து தொடங்கிய பொதுத் தொகுப்பில் பல நாட்டு நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பழைய படங்களை வெளியிட்டுள்ளன. உரிமத்தைத் தெளிவாக எழுதும் பழக்கத்தைப் பொதுமக்களிடம் பரப்பியதில் இத்தளத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் பாருங்கள். 2013இல் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இடம் இலவசம் என்று யாகூ அள்ளிக் கொடுத்தது. 2018 ஏப்ரலில் ஸ்மக்மக் என்ற நிறுவனம் ஃபிளிக்கரை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில், இலவசக் கணக்குக்கு 1000 படங்களே எல்லை, மிகுந்தவை அழிக்கப்படும் என்று அறிவித்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்ட படங்களுக்கு விலக்கு அளித்தது. 2022இல் இலவசக் கணக்கில் பொதுப்பார்வைக்கு வராத படங்கள் 50க்கு மேல் இருக்கக்கூடாது என்றும் விதித்தது. நான் அந்நிறுவனத்தைக் குறை சொல்லவில்லை. கட்டணம் வாங்கித் தொழில் நடத்துபவர் விளம்பரத்தை நம்பித் தொழில் நடத்துபவரைவிட நேர்மையானவர் என்பதே என் கருத்து. ஆனால் இதன் பொருள் என்ன? பணம் கட்டாதவருக்கு ஃபிளிக்கர் ஒரு காட்சிக்கூடம். குடும்பப் படங்களுக்கு உரிய இடம் அன்று. கட்டணம் செலுத்துவோருக்கு, முதற்படியை அப்படியே வைத்துத் திருப்பித் தரும் நல்ல களஞ்சியம். நம் அமைப்பின் பொங்கல் விழா, முத்தமிழ் விழாப் படங்களை உலகம் பார்க்க வைப்பதற்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஃபிளிக்கரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்த படங்களிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் முகப் படங்களை ஐபிஎம் நிறுவனம் முகம் அறியும் ஆய்வுத் தொகுப்புக்காகப் பயன்படுத்தியது 2019இல் வெளியே தெரிந்தது. படம் எடுத்தவர் உரிமம் கொடுத்திருந்தார். சட்டப்படி குற்றம் சொல்வது கடினம். படத்தில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். பின்னால் மீண்டும் இதற்கு வருகிறேன்.

அடுத்து, உங்களில் பெரும்பாலோர் பயன்படுத்தும் கூகுள் போட்டோஸ். 2015 மே மாதம் தொடங்கியபோது, சற்றுச் சுருக்கிய தரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021 சூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. இப்போது மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து 15 கிகாபைட் மட்டுமே இலவசம். தேடும் ஆற்றலில் இதனை வெல்ல வேறொன்று இல்லை. "கடற்கரை" என்று கேட்டால் கடற்கரைப் படங்களையும், ஒரு குழந்தையின் முகத்தைத் தொட்டால் அக்குழந்தை பிறந்தது முதல் இன்றுவரையிலான படங்களையும் வரிசையாகத் தருகிறது. தனித்தளத்தில் இருந்த படங்களைத் தொலைபேசியில் தானாகச் சேர்ப்பதும் எளிது. வெளியேறும் வழியும் திறந்தே இருக்கிறது: டேக்அவுட் என்ற வசதியின் மூலம் எல்லாவற்றையும் தரவிறக்கலாம். ஆனால் நீங்கள் மெனக்கெட்டு எழுதிய விளக்கங்கள் படத்துக்குள் இரா. அருகே தனிக் கோப்பாக வரும். படத்தை மட்டும் எடுத்து வன்தட்டில் போட்டுவிட்டு மற்றக் கோப்புகளைக் குப்பை என்று அழித்துவிட்டால், யார் யார் என்ற விவரமும் அவற்றுடன் போகும்.

இதில் நம்மவர் அடிக்கடி தடுக்கி விழும் பள்ளம் ஒன்று. ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. தொலைபேசியில் இடமில்லை என்று கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால், இணையத்தில் உள்ள படியும் சேர்ந்தே அழியும். அறுபது நாள் குப்பைக்கூடையில் கிடக்கும். பிறகு மீட்க இயலாது. ஆப்பிளின் ஐகிளவுடும் அவ்வாறே. அங்கே தவணை 30 நாள். இடத்தை மட்டும் விடுவிக்கத் தனி வசதி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது இன்னும் கடுமையானது. 2022 ஆகத்தில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. சான் பிரான்சிசுகோவைச் சேர்ந்த தந்தை ஒருவர், நோயுற்ற தம் குழந்தையின் உடற்பகுதியை மருத்துவருக்குக் காட்டுவதற்காகத் தொலைபேசியில் படம் எடுத்தார். படம் தானாகக் கூகுள் கணக்குக்குச் சென்றது. அங்கிருந்த தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகளுக்கு எதிரான குற்றப் படமாக எண்ணியது. கணக்கு மூடப்பட்டது. காவல்துறை விசாரித்துக் குற்றம் ஏதும் இல்லை என்று முடித்த பிறகும் கணக்கு திரும்பி வரவில்லை. மின்னஞ்சல், தொடர்பு முகவரிகள், குழந்தையின் முதல் ஆண்டுகளின் படங்கள் அத்தனையும் ஒரே கணக்கில் இருந்தன. குற்றத்தைத் தடுக்கும் சோதனை தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். அது மிகவும் தேவை. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டுவது, எண்ணெய் தேய்த்து வெயிலில் கிடத்துவது என்று எல்லாவற்றையும் படமெடுத்து ஊரிலுள்ள அம்மம்மாவுக்கு அனுப்புவது நம் வழக்கம். அந்தப் படங்கள் தானாக இணையத்துக்கு ஏறும் அமைப்பை ஒருமுறை பாருங்கள். அதைவிட முதன்மையாக, ஒரே கணக்கை நம்பி இருக்காதீர்கள்.

கணக்கு மூடப்படுவதற்குக் குற்றச்சாட்டு ஒன்றும் வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விடும் கணக்குகளைக் கூகுள் 2023 திசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது. இறந்துபோன தந்தையாரின் கணக்கை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? இதற்காகவே செயலற்ற கணக்கு மேலாளர் என்ற வசதி 2013 முதல் அங்கே இருக்கிறது. இத்தனை மாதம் நான் வராவிட்டால் என் பொருள்களை இன்னாரிடம் கொடு என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆப்பிள் 2021 இறுதியிலும், முகநூல் 2015இலும் இத்தகைய வாரிசு ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. காணிக்கும் வீட்டுக்கும் உறுதி எழுதி வைக்கும் நம் பெரியவர்கள், கடவுச்சொல்லுக்கு எழுதி வைப்பதில்லை.

முகநூலையும் இன்ஸ்டகிராமையும் சேர்த்தே பேசலாம். 2012 முதல் இரண்டும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. உறவுகளும் நண்பர்களும் உடனே பார்க்க வேண்டும் என்றால் இவற்றுக்கு மாற்று இல்லை. உண்மையைச் சொன்னால், ஃபிளிக்கரில் ஏற்றினால் பத்துப் பேர் பார்ப்பார்கள். முகநூலில் ஏற்றினால் அரைமணி நேரத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து வாழ்த்து வரும். காட்டும் வேலைக்கு இவை போதும். பேணும் வேலைக்கு ஏன் போதா என்பதற்கு ஒரு சிறு கணக்கு.

இன்றைய சாதாரணத் தொலைபேசி எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் 4000 படப்புள்ளி அகலமும் 3000 உயரமும் கொண்டது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சகத்தார் கேட்கும் அளவு. அப்படியானால் முதற்படியை 13 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிடலாம். இன்ஸ்டகிராம் நெடுங்காலமாகப் படத்தை 1080 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி வந்தது. அதிலிருந்து எடுத்தால் மூன்றரை அங்குலம். வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தின் நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளி. ஐந்து அங்குலத்தைச் சற்றே தாண்டும். ஆப்பிளின் பகிர்வுத் தொகுப்பு 2048 புள்ளியாகக் குறைக்கிறது. ஏழு அங்குலத்துக்கும் குறைவு.

இந்த எண்கள் எப்போது உறைக்கின்றன என்றால், வீட்டில் ஒரு சாவு விழும்போது. மாலை போட்டு வைக்கப் பெரிய படம் வேண்டும். 31ஆம் நாள் நினைவு மலருக்கு அட்டைப் படம் வேண்டும். பிள்ளைகள் ஐந்து நாட்டில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் கேட்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் இருப்பது வாட்ஸ்அப்பில் நான்கு முறை கைமாறிய அதே மங்கிய படம். எடுத்த மருமகளின் தொலைபேசி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாற்றப்பட்டுவிட்டது. அந்த மலரைப் பக்க அமைப்புச் செய்து கொடுக்கும் வேலை பலமுறை என்னிடம் வந்திருப்பதால் சொல்கிறேன்: பெருக்கிப் பெருக்கிப் பார்த்தாலும் இல்லாத புள்ளியை எந்த மென்பொருளும் உண்மையாகத் தராது. செயற்கை நுண்ணறிவு இப்போது தருகிறதே என்பீர்கள். தருகிறது, ஆனால் அது ஏறத்தாழ உங்கள் தந்தையாரைப் போன்ற வேறொருவரின் முகம்.

வாட்ஸ்அப்பில் இதற்கு எளிய தீர்வு உண்டு. படத்தைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் ஒரு புள்ளிகூடக் குறையாது. 2023 ஆகத்து முதல் உயர்தரம் என்ற தெரிவும் இருக்கிறது. முன்னதைவிட நன்று, முதற்படி அன்று. ஆவணமாக அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். படக்கோப்புக்குள் எடுத்த நாள், நேரம் ஆகியவற்றுடன் எடுத்த இடமும் பதிந்திருக்கக்கூடும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அவற்றைக் களைந்துவிடுகிறது. ஆவணமாக அனுப்பினால் அப்படியே செல்கின்றன. உடன்பிறந்தவருக்கு அனுப்பும்போது அது வரம். முன்பின் அறியாதவர் உள்ள குழுவில் இடும்போது வீட்டு முகவரியைக் கொடுத்ததற்கு ஒப்பாகும்.

ஐபோன் வைத்திருப்போர் ஐகிளவுடைப் பற்றிக் கேட்பீர்கள். 5 கிகாபைட் இலவசம். குடும்பம் முழுவதும் ஐபோன் என்றால் வசதியானது. ஊரில் இருக்கும் மாமாவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. அங்கேயே அந்த வசதி நொண்டத் தொடங்கிவிடும். இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது, படத்தில் இருப்பவரைக் கேட்டார்களா என்ற கேள்விக்கு மீண்டும் வருகிறேன். கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம், சமூக வலைத்தளங்களிலும் பிற பக்கங்களிலும் பொதுவில் கிடந்த முகப் படங்களை வாரியெடுத்துக் காவல்துறையினருக்குத் தேடுபொறியாக விற்றது 2020 சனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட படங்கள். கனடாவின் தனியுரிமை ஆணையர்கள் 2021 பெப்ரவரியில் இது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்மானித்தனர். அதே ஆண்டு நவம்பரில் முகநூல் தன் முகம் அறியும் அமைப்பை நிறுத்தி, நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் முக அளவைகளை அழிப்பதாக அறிவித்தது. இது நல்ல செய்தி. ஆனால் பொதுவில் இடப்படும் படங்களையும் பதிவுகளையும் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவதாக அதே நிறுவனம் பின்னர் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 மே மாத இறுதியில் அதைத் தொடங்கியது. "பொது" என்ற ஒரு பொத்தானின் பொருள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கிறது. அழுத்தியவர் அழுத்திய அன்று நினைத்த பொருள் இன்று இல்லை.

நம்மிடையே இரண்டு இடங்களில் இது உறுத்துகிறது. ஒன்று, பூப்புனித நீராட்டு விழாப் படங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று அகவைப் பெண்பிள்ளையின் படங்களை, பெயரோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பெற்றோரே இடுகிறார்கள். விழாவுக்கு வந்த படப்பிடிப்பு நிலையத்தார் தம் தொழில் விளம்பரத்துக்காக இடுகிறார்கள். என் உறவினர் வீட்டு விழாவின் படங்கள் அவ்வாறு ஒரு நிலையத்தின் பக்கத்தில் இடப்பட்டு, நீக்குமாறு பலமுறை கேட்டும் பல மாதங்கள் கிடந்தன. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அதற்கு இசைவு எழுதியிருந்தது. பிள்ளை இசைவு தரவில்லை. அவள் வளர்ந்து, பள்ளித் தோழிகள் அதைத் தேடி எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பும் நாளில், "உன் நன்மைக்காகத்தான் செய்தோம்" என்பது எடுபடுமா? விழா வேண்டுமா வேண்டாவா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. படம் எடுக்க முன்பணம் கொடுக்கும் நாளிலேயே, எழுத்து மூலம் இசைவு பெறாமல் எங்கும் வெளியிடக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுக்கும் நிலையத்துக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

மற்றது, ஊர்வலங்களிலும் நினைவேந்தல்களிலும் எடுக்கும் படங்கள். உணர்வோடு வந்து நிற்கும் ஒருவர் அடுத்த மாதம் தாயாரைப் பார்க்க ஊருக்குப் போகவிருப்பவராக இருக்கலாம். அவருடைய தங்கை அங்கே வாழ்பவராக இருக்கலாம். நெருக்கத்தில் எடுத்த முகப் படத்தில் பெயரைக் கோத்துப் பொதுவில் இட எந்தத் தொண்டருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து. கூட்டத்தைப் பின்னாலிருந்து எடுங்கள், பதாகையை எடுங்கள், மேடையில் பேசியவரை எடுங்கள். முகம் தேவையானால் கேட்டுவிட்டு எடுங்கள். நம் அமைப்பின் படத்தொகுப்பாளர்களிடம் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். சிலருக்கு மனவருத்தம். பரவாயில்லை.

அமைப்புகளுக்கு இன்னொரு சொல். சங்கத்தின் படங்கள் செயலாளரின் சொந்தக் கணக்கில் இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிருவாகம் மாறும், கணக்கு மாறாது. பழைய செயலாளருக்கும் புதியவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்றால் சங்கத்தின் பத்தாண்டு வரலாறு கடவுச்சொல்லோடு முடங்கிவிடும். இது எந்தச் சங்கம் என்று என்னைக் கேட்க வேண்டா. பக்கத்தில் அமர்ந்திருப்பவரைக் கேளுங்கள், அவருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். சங்கத்தின் பெயரில் தனி மின்னஞ்சல், அதன்மேல் கணக்கு, கடவுச்சொல் குறைந்தது மூவரிடம். கணக்கறிக்கையை ஒப்படைப்பது போல் இதனையும் ஒப்படைக்க வேண்டும்.

இனி, பேணுவதற்கு என்ன செய்வது? முதற்படிகளை ஒரு வன்தட்டில் வையுங்கள். அதே போல் இன்னொரு வன்தட்டில் வைத்து, அதை வேறொரு வீட்டில் வையுங்கள். அண்ணன் வீடு, தங்கை வீடு, எதுவானாலும் சரி. தீயும் வெள்ளமும் ஒரே நாளில் இரு வீட்டுக்கு வாரா. மூன்றாவது படியாக ஏதேனும் ஒரு கட்டணச் சேவை. கூகுள் என்றாலும் ஆப்பிள் என்றாலும் ஃபிளிக்கர் என்றாலும் எனக்கு ஒன்றே. ஆண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து தரவிறக்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வன்தட்டும் நிலையானதன்று, ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுங்கள். அலமாரியில் கிடக்கும் குறுந்தட்டுகளை இந்த மாதமே படியெடுங்கள். அவற்றைப் படிக்கும் கருவி புதிய மடிக்கணினிகளில் இல்லை.

படத்தின் விவரத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். ஆண்டு, ஊர், பெயர்: "1987 நெல்லியடி அம்மம்மா" என்பது போல. தளம் மூடினாலும் கோப்பின் பெயர் கூடவே வரும். ஒருங்குறியில் எழுதுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவில் நாம் தட்டிய விளக்கங்கள் இன்று பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. அவற்றை மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் உள்ளன. தெரியாதவர்கள் என்னிடம் அனுப்புங்கள்.

ஊரின் பழைய பள்ளிக்கூடம், சந்தை, தேர், நாடகக் குழு என்று பொதுப் பயன் உள்ள படம் உங்களிடம் இருந்தால் அதற்குக் குடும்பக் கணக்கைவிடப் பொருத்தமான இடங்கள் உண்டு. 2004இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் தமிழ் விக்கிப்பீடியாவிலும் பயன்படும். ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கும் இசைவளிக்கும் உரிமத்தில்தான் அங்கே ஏற்றலாம், ஏற்றியதைத் திரும்பப் பெற இயலாது. 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்து ஆவணங்களைத் தொகுத்து வருகிறது, அவர்களையும் அணுகலாம். எடுத்தவர் யார் என்று தெரியாத படத்தை மட்டும் உங்கள் பெயரில் ஏற்ற வேண்டா.

வெளியே மேசையில் இரண்டு வருடிகளும் மூன்று மடிக்கணினிகளும் வைத்திருக்கிறோம். படத்தொகுப்புக் கொண்டு வந்திருப்போர் வரிசையில் பெயர் பதியுங்கள். ஒருவருக்கு இன்று நாற்பது படம் வரை எடுத்துத் தருவோம். பசையால் ஒட்டியிருக்கும் படத்தைப் பிரித்து எடுக்க முயல வேண்டா, பக்கத்தோடு வருடிவிடலாம். படத்தில் இருப்பவர்களின் பெயர் சொல்லத் தெரிந்த பெரியவரை அழைத்து வந்திருந்தால் அவரை முன்னால் விடுங்கள், அவருக்கு நாற்காலி இருக்கிறது. தேநீருக்குப் பிறகு கேள்விகளுக்கு விடை சொல்கிறேன்.